இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

வேலு,

உக்காந்து படி. நின்னுக்கிட்டே ஒரு பார்வை பாத்துட்டு, "சரிம்மா சரிம்மா"ன்னு மடிச்சுப் பையில வைக்கிற சோலியெல்லாம் வேணாம். வாயால சொல்லிப் பாத்தாச்சு. திங்கக்கிழமை ஆரம்பிச்சேன், தண்ணி குடிக்கப் போயிட்ட. செவ்வாக்கிழமை ஆரம்பிச்சேன், ஃபோனு வந்துருச்சுன்னு வாசலுக்கு எழுந்து போன. ஃபோனு அடிக்கவே இல்ல, எனக்குக் காது இன்னும் நல்லாத்தான் கேக்குது. அதான் கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல உக்காந்து எழுதுறேன். நாளைக்குக் காலையில கடலூரு ஷோரூமுக்குப் போயி அந்த டீசல் பிக்கப்ப புக் பண்ணப் போறேங்குற. போறதுக்கு முன்னாடி இத நீ படிச்சாவணும். அந்த வண்டிய ஓட்ட ஒன் இடது காலு தாங்காது. அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேம்பாலத்துல நடந்தது நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு வேற நெனச்சுக்கிட்டிருக்க.

நடந்தத நானே எழுதுறேன். ஏன்னா அன்னிலேர்ந்து நீ அத நடக்காததாவே ஆக்கிட்ட. அன்னிக்கு ஜாடி எறக்குறப்ப பேக்கிங் ஆளு ஒருத்தர் கூட நிக்கணும்னு கம்பெனியில சொன்னதால நான் ஒன்கூட வண்டியில ஏறுனேன். அடியில பீங்கான் ஃப்யூஸ் கட்டை மூட்டை, மேல வைக்கோல் சுத்துன ஊறுகா ஜாடி. பாக்கறதுக்குப் பாதி வண்டி மாதிரிதான் இருக்கும், எடை முழு வண்டிக்கும் மேல. மேம்பாலத்து ஏத்தத்துல முன்னாடி ஒரு பஸ்ஸு நின்னு நின்னு போச்சு. நீ ஹேண்ட் பிரேக்கப் போடல. ஏத்தத்துல பாதி கிளட்ச்சுலயே வண்டியப் புடிச்சு நிறுத்தியிருந்த. நான் ரோட்டப் பாக்கல, ஒன் முட்டியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மொதல்ல லேசா நடுங்குச்சு. அப்புறம் பேண்ட்டுத் துணியே ஆடுற அளவுக்கு நடுங்குச்சு. "வேலு, ஹேண்ட் பிரேக்கப் போடுடா"ன்னேன். "சும்மா இரும்மா, ஜாடி ஆடும்"ன்ன. சொல்லி வாய மூடல, காலு பெடல்லேர்ந்து நழுவிருச்சு. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, பஸ்ஸு மேல விழுற மாதிரி முன்னாடி பாஞ்சு, ஆஃப் ஆயிருச்சு. பதட்டத்துல நீ கியர நியூட்ரலுக்குத் தட்டிட்ட. ஒன் ரெண்டு கையும் அந்தக் காலத் தூக்கிப் புடிக்க தொடைக்கு அடியில போயிருச்சு. வலது காலு பிரேக்குல இல்ல, ஸ்டியரிங்குல கை இல்ல, வண்டி பாட்டுக்குப் பின்னாடி போவுது.

ஹேண்ட் பிரேக்க ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தவ நான். வண்டி ஓட்டத் தெரியாதவ. எந்தப் பக்கம் இழுக்கணும்னு யோசிக்கக் கூட நேரமில்ல, கையில கெடைச்சத இழுத்தேன். நின்னுச்சு. எறங்கி ஓடிப் போயிப் பாத்தா, பின்னாடி ஒரு பொண்ணு ஸ்கூட்டியில நிக்குது. முன்னாடி கால் வைக்கிற எடத்துல ஒரு சின்னக் கொழந்தை, ஸ்கூலு பையோட. அந்தக் கொழந்தை கைய நீட்டியிருந்தா நம்ம வண்டியத் தொட்டிருக்கும். அந்தப் பொண்ணு கேட்டாளே ஒரு கேள்வி, "குடிச்சிட்டா ஓட்டுற?"ன்னு. நீ ஜன்னல் வழியா தலைய நீட்டி, "ஆமாக்கா, மன்னிச்சிருங்க"ன்ன. பீரு பாட்டிலக் கூடத் தொடாத புள்ள நீ. காலு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்றதவிட குடிகாரன்னு பேரு வாங்குறது ஒனக்கு மேலாப் போச்சு. அப்புறம் வண்டிய எடுத்து ஓரமா நிறுத்திட்டு, என் கையப் புடிச்சிக்கிட்டு, "யாருகிட்டயும் சொல்லாதம்மா"ன்ன. நானும் மண்டைய ஆட்டுனேன். ஆட்டுனதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல.

இந்தப் பாதி கிளட்ச்சு ஒனக்கு ஒங்கப்பாகிட்டேர்ந்து வந்தது. நம்ம ஊருல பீங்கான் ஏத்துற டிரைவருங்க எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க. கரும்பு ஏத்துறவன் வேகத்தடை வந்தா பிரேக்க மிதிப்பான், கியர மாத்துவான், போயிக்கிட்டே இருப்பான். பீங்கான் ஏத்துறவன் அப்படிப் போக முடியாது. கிளட்ச்ச பாதி அமுக்குன வாக்குலயே வச்சிக்கிட்டு, ஊர்ந்து ஏறி ஊர்ந்து எறங்கணும். கியர் விழுற குலுக்கல்ல ஜாடியும் ஜாடியும் இடிச்சிக்கக் கூடாது. நீ வண்டி பழகுனப்ப ஒங்கப்பா பக்கத்துல உக்காந்துக்கிட்டு ரோட்டையே பாக்க மாட்டாரு, கண்ண மூடிக்குவாரு. பின்னாடி 'கிணுக்'குன்னு ஒரு சத்தம் வந்தாப் போதும், "எங்கடா இருக்குது ஒன் காலு?"ன்னு கத்துவாரு. ரயில்வே கேட்டு, வேகத்தடை, மழை பேஞ்சு அரிச்சுப் போன ரோடு, எல்லாத்துலயும் பாதி கிளட்ச்சு. நம்ம வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போனாலே, "பீங்கான் வண்டியா? கிளட்ச் பிளேட்டு கருகித்தான் இருக்கும், கழட்டு"ன்னு சிரிக்கிறானுங்க. பிளேட்டு கருகுனா வேற பிளேட்டு போட்டுடலாம். ஒங்கப்பாவுக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு, ஓட்டுனாரு. ஒனக்கு முட்டியில தகடு இருக்குது.

நல்லூருக்குக் கூட்டாளி வூட்டு விசேஷத்துக்குப் போயிட்டுத் திரும்புறப்ப டிராக்டரு கொட்டிட்டுப் போன சேத்துல பைக்கு வழுக்கி நீ விழுந்தது, ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் உருண்டது, அதெல்லாம் இப்ப எதுக்கு. டாக்டரு கடைசியா சொன்னத மட்டும் சொல்றேன், ஏன்னா அத நீ ஒங்கப்பாகிட்ட பாதிதான் சொன்ன. "எலும்பு கூடிருச்சு, நடக்கலாம், வண்டி ஓட்டலாம்"னாரு, அது வரைக்கும் சொன்ன. "மடக்கி அமுக்கி அப்படியே புடிச்சிக்கிட்டு இருக்குற வேலை மட்டும் இந்தக் காலுக்குக் குடுக்காத"ன்னும் சொன்னாரு. அத சொல்லல. பாதி கிளட்ச்சுன்னா என்னடா வேலு? மடக்கி, அமுக்கி, அப்படியே புடிச்சிக்கிட்டு இருக்கறதுதானே? ஒன் தொழிலுக்குன்னே அளவெடுத்து அந்த மனுஷன் சொன்ன மாதிரி இருக்குது. நீ சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் படியில ஏறாம ஓரமா கொஞ்ச நேரம் செருப்பக் கழட்டுற மாதிரி குனிஞ்சு நிக்கிற. செருப்பு கழட்ட அவ்வளவு நேரம் யாருக்கும் ஆவாது. நான் அடுப்பங்கரையிலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்குறேன்.

சரி, வண்டிக்கு வருவோம். ஷோரூமுல ரெண்டு வண்டியையும் நம்ம மூணு பேரும் பாத்தோம். ஒண்ணு நீ கேக்குற டீசல், லோடு ஏத்தப் பெரிய தொட்டி, அஞ்சு கியரு. இன்னொண்ணு கேஸ்ல ஓடுறது, சின்னது, கிளட்ச்சே கெடையாது, கியரு தானா மாறிக்கும். சேல்ஸுக்கு நிக்கிற தம்பி கதவத் தொறந்து காட்டி, "ரெண்டே பெடல்தாங்கய்யா"ன்னுச்சு. ஒங்கப்பா குனிஞ்சு பாத்துட்டு, "மூணாவத யாரு தம்பி திருடிட்டுப் போனா?"ன்னு கேட்டாரு. ஷோரூமே சிரிச்சுது. நீயும் சிரிச்ச. வெளிய வந்ததும், "டீசல் வண்டின்னா வண்டி, இது அடுப்புடா. காலையில டீ போடலாம்"ன்னாரு. அதுக்கும் சிரிச்ச. நான் மட்டும் அந்தச் சின்ன வண்டிக்குள்ள ஏறி, டிரைவரு சீட்டுல உக்காந்து, இடது கால நீட்டிப் பாத்தேன். காலுக்குக் கீழ வெறும் தரைதான் இருந்துச்சு. ஒன் காலு அங்க சும்மா நீட்டிக்கிட்டு இருக்கறத நெனச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஏசி காத்து கண்ணுல அடிக்குதுன்னு அந்தத் தம்பிகிட்ட சொன்னேன்.

நீ சொல்ற குத்தமெல்லாம் நான் மறுக்கல. கேஸ் வண்டிக்கு டீசலோட இழுப்பு இல்லதான். சிலிண்டரோட எடையையும் அதே சுமந்துக்கிட்டு ஓடணும். இப்ப ஒரு நடையில போற லோடு ரெண்டு நடையாப் போவும். பங்க்குல போனா ஆட்டோக்காரங்க எல்லாம் வரிசை கட்டி நிக்கிறாங்க, நம்ம முறை வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போடலாம். ஏத்தத்துல லோடோட போனா முக்கும். தானா மாறுற கியரு பாதி கிளட்ச்சு மாதிரி நாசூக்கா ஊராது, மாறுறப்ப ஒரு சின்ன ஆட்டம் இருக்கும்னு நீ சொன்ன. இருக்கட்டும். ஜாடிக்கு வைக்கோல் சுத்துறது யாரு? நான்தானே? ஒரு சுத்துக்கு ரெண்டு சுத்தா சுத்துறேன். நடுவுல அட்டை வைக்கிறேன். அந்த ஆட்டத்த நான் பாத்துக்குறேன். ஏத்தத்துல பிரேக்குலேர்ந்து கால எடுத்தாலும் கொஞ்ச நேரம் வண்டி பின்னாடி வராம தானா புடிச்சிக்கும்னு அந்தத் தம்பி ஓட்டிக் காட்டுச்சே, அத நீ பாத்தியா? பாக்கல. நீ அப்பத்தான் டீசல் வண்டியோட டயரத் தட்டிக்கிட்டிருந்த. நான் பாத்தேன். ரெண்டு தடவ ஓட்டிக் காட்டச் சொல்லிப் பாத்தேன்.

கேஸுன்னா சாமி, டீசலுன்னா பேயின்னு நான் பேசுறேன்னு நெனைக்காத. ரெண்டையும் ஒன்ன விட அதிகமாப் பாத்தவ நான். கம்பெனியில மொதலாளி சூளைய டீசல்லேர்ந்து கேஸுக்கு மாத்தப் போறேன்னப்ப, மொத ஆளா எதுத்துப் பேசுனது நான்தான். டீசல் நெருப்புன்னா அது வேற, இந்தக் கேஸு நெருப்புல கப்பு எங்க வேவும்னு சண்டைக்குப் போனேன். வெந்துச்சு. டீசல் புகையில வெள்ளைக் கப்பு மேல கரும்புள்ளி விழும், அத ஒண்ணொண்ணா பொறுக்கி ஒதுக்கறதே ஒரு நாள் வேலை, அந்த வேலை போயிருச்சு. அப்புறம் ஒரு மழைக்காலத்துல கேஸு லாரி வர முடியாம, சூளை பாதி சூட்டுல நின்னுபோச்சு. உள்ள இருந்த ஜாடி அத்தனையும் மெருகு ஏறாம, சொரசொரன்னு வெளிய வந்துச்சு. எல்லாரும் என்னப் பாத்தாங்க, நீ சொன்னது சரிதான்னு. எனக்குச் சந்தோஷமா இல்ல, அழுகைதான் வந்துச்சு. ரெண்டுலயும் கஷ்டம் இருக்குது வேலு. எந்தக் கஷ்டத்த நம்ம தாங்க முடியும்ங்கறதப் பாத்துத்தான் எடுக்கணும். வரிசையில நிக்கிற கஷ்டத்த நீ தாங்கிடுவ.

இன்னொண்ணு, நீயே சொன்னதுதான். போன மாசம் சாப்புட்டுக்கிட்டே ஒங்கப்பாகிட்ட சொன்ன, இப்ப வர்ற டீசல் வண்டியில புகை வடிகட்டுற டப்பா ஒண்ணு இருக்குது, ஊருக்குள்ளயே சுத்துனா அது அடைச்சிக்கும், அதனால நீண்ட ரோட்டுல விரட்டி ஓட்டணும், சேலம், கோயமுத்தூருன்னு லோடு புடிக்கப் போறேன்னு. ஒங்கப்பாவுக்குப் பெருமை தாங்கல. எனக்குச் சோத்துல கை நின்னுபோச்சு. இங்க இருக்குற கடலூருக்கே காலு தாங்கல. அங்க போனா ஏத்தம் எறக்கம், டோல்கேட்டு வரிசை, ராத்திரி ஓட்டம். முட்டி நடுங்குனா பக்கத்துல யாரு இருப்பா? வண்டி வாங்குறதோட இது முடியறதில்ல. அந்த வண்டிக்கு ஏத்த மாதிரி ஒன் பொழப்ப மாத்திக்கணும், அதுக்கு ஒன் காலக் குடுக்கணும். புது டீசல்ல கிளட்ச்சு பூ மாதிரி இருக்குதுங்குற. பூவா இருந்தாலும் நாள் பூரா மிதிச்சிக்கிட்டே இருக்கணும்ல?

இதையெல்லாம் நான் ஞாயித்துக்கிழமையே ஒன்கிட்ட சொன்னேன். கடைசியில நீ கத்துனது எனக்கு இன்னும் காதுலயே நிக்குது. "கிளட்ச் இல்லாத வண்டிய வாங்கி என் கல்யாண மண்டபத்து வாசல்ல மாலை போட்டு நிறுத்தி, வந்தவங்க அத்தனை பேருக்கும் என் கால காட்டச் சொல்றியாம்மா?"ன்ன. அப்பத்தான்டா எனக்கு வெளங்குச்சு. இழுப்பு, லோடு, பங்க்கு வரிசை, இதெல்லாம் நீ வெளிய சொல்ற பேச்சு. உள்ள இருந்தது இதுதான். ரெண்டு பெடல் வண்டி வாங்குனா, எதுக்குன்னு நாலு பேரு கேப்பாங்க. கேட்டா சொல்லணும். சொன்னா, வேலு காலு போனவன்னு ஆயிரும். ஒன்மேல எனக்கு இருந்த கோவம் அந்த நிமிஷத்துல போயிருச்சு. என் புள்ள இவ்வளவு நாளா இத நெஞ்சுல வச்சிக்கிட்டு வண்டி ஓட்டியிருக்கானேன்னு நெனச்சேன். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. ஊருக்குப் பயந்துக்கிட்டு நீ கால மறைக்கலாம். அந்தக் கொழந்தை ஏன்டா ஒன் வண்டிக்குப் பின்னாடி நிக்கணும்?

இப்ப நான் செஞ்சதச் சொல்லணும். நீ கோவப்படுவ. பட்டுக்கோ. நேத்து ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனேன்ல, கோயிலுக்கும் போனேன், பொய்யில்ல. அதுக்கப்புறம் அபிராமி வேலை பாக்குற மெடிக்கலு கடைக்குப் போனேன். அடுத்த மாசம் நம்ம வூட்டுக்கு வரப் போற பொண்ணு, பத்திரிகை அடிச்சாச்சு, அவகிட்ட இத மறைக்க எனக்கு மனசு வரல. என்னப் பாத்ததும், "வாங்க அத்தை, வாங்க"ன்னு ஸ்டூலு போட்டு, பக்கத்துக் கடையில டீ சொன்னா. அந்த டீய நான் குடிக்கல. நேராச் சொல்லிட்டேன். விழுந்தது, தகடு வச்சது, டாக்டரு சொன்னது, மேம்பாலம், எல்லாத்தையும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவங்க வூட்டுல பாய் விரிச்சாங்க, நீ மடக்கி உக்கார முடியாதுன்னு நான்தான் முந்திக்கிட்டு, "வெயில்ல வந்துருக்கான், நாற்காலி போடுங்க"ன்னேன். அதையும் சொன்னேன். சொல்றப்ப என் தலை நிமிரவே இல்ல.

அவ அழுவான்னு நெனச்சேன், இல்ல "எங்கப்பாகிட்ட பேசிக்குங்க"ன்னு எழுந்துருவான்னு நெனச்சேன். கவுன்டரு மேல இருந்த மாத்திரை அட்டைங்கள அடுக்கிக்கிட்டே இருந்தா. வந்த ஆளுக்கு இருமல் மருந்து எடுத்துக் குடுத்து அனுப்பிட்டு வந்து, "காலு முடியாதது எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. எங்க சித்தப்பாவுக்கு ஒரு கை வராது, அவருதான் எங்க வூட்டுல எல்லாம் பாக்குறாரு"ன்னா. எனக்கு உசுரு வந்துச்சு. அப்புறம் கேட்டா, "குடிச்சிருக்கியான்னு அந்தக்கா கேட்டப்ப ஆமான்னு சொன்னாரா?" ஆமான்னேன். "ஒரு கொழந்தை பொழச்சுக் கெடக்குது, அப்பவும் அவருக்குத் தன் மானம்தான் முன்னாடி நின்னுச்சா?"ன்னா. நான் ஒனக்காகப் பேச வாயத் தொறந்தேன். எம்புள்ள நல்லவன், பயந்துட்டான், அந்த நேரத்துல என்ன செய்யறதுன்னு தெரியல, இப்படியெல்லாம் சொல்லலாம்னுதான் தொறந்தேன். அவ கேட்டதுல தப்பு எங்க இருக்குது, நீயே சொல்லு.

அவளுக்கு ஒங்கப்பா மாதிரி டீசலும் தெரியாது, என்ன மாதிரி கேஸும் தெரியாது. ஸ்கூட்டி ஓட்டுற பொண்ணு. கொஞ்சம் யோசிச்சிட்டு, "கிளட்ச் வண்டி ஓட்ட முடியும்னு அவரு சொல்றாருல்ல, ஓட்டட்டும் அத்தை"ன்னா. "நாளன்னிக்குக் காலையில எனக்கு லீவு. ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி நான் வரேன். மணிமுத்தாத்துல எறங்குற அந்த மண்ணு ரோட்டுச் சரிவு இருக்குதுல்ல, அங்க காலையில ஆளே வராது. இப்ப இருக்குற டீசல் வண்டிய லோடோட கொண்டாந்து, ஏத்தத்துல நிறுத்தி, பாதி கிளட்ச்சுல புடிச்சு, அப்புறம் எடுத்துக்கிட்டுப் போவட்டும். நான் வண்டிக்குப் பின்னாடி நிக்கிறேன்"ன்னா. நான் ஸ்டூல்லேர்ந்து எழுந்துட்டேன். "என்னடி பேசுற நீ, பைத்தியமா ஒனக்கு?"ன்னு கத்திட்டேன், கடையில நின்ன ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க. அவ குரலே ஏறல. "எடுத்துட்டாருன்னா டீசலே வாங்கிக்கட்டும், அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். எடுக்க மாட்டேன்னு எறங்கி வந்தாருன்னா, நேரா ரெண்டு பேருமா கடலூரு போயி அந்தக் கேஸு வண்டிய எழுதிட்டு வருவோம். மண்டபத்து வாசல்ல நானே அதுக்கு மாலை போடுறேன்"ன்னா. நீ கத்துனத நான் அவகிட்ட சொல்லியிருந்தேன்.

"அவன் அவசரப்பட்டு எடுத்துட்டான்னா?"ன்னு கேட்டேன். "நான் பின்னாடி நிக்கிறது தெரிஞ்சும் எடுத்தாருன்னா, நான் யாரக் கட்டிக்கப் போறேன்னு எனக்குத் தெரிஞ்சிரும் அத்தை"ன்னா. கெஞ்சிப் பாத்தேன். கையப் புடிச்சிக் கேட்டேன். வேணாம்மா, வாயால பேசிக்குங்கன்னேன். "வாயால பேசுனாத்தான் சரிம்மா சரிம்மான்னு போயிடுறாருன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னுட்டா. பஸ்ஸு ஸ்டாண்டு வரைக்கும் என்கூட நடந்து வந்தா, ஜன்னலோரமா சீட்டு புடிச்சிக் குடுத்தா, ஒரு பொட்டலம் பிஸ்கட்டு வாங்கிக் குடுத்தா. பஸ்ஸு கெளம்புறப்பவும் அதே பேச்சுதான், காலையில வரேன்னா. வருவா. அவ மொகத்தப் பாத்தவளுக்குத் தெரியும்.

ஆக நாளைக்கு நடக்கப் போறது இதுதான். கடலூருக்குப் போவ வேண்டிய ஜாடி லோட இன்னிக்கு சாயங்காலமே நம்ம வண்டியில ஏத்தி வைக்கச் சொல்லிட்டேன். ஒங்கப்பாகிட்ட இன்னும் மூச்சு விடல, நீ படிச்சிட்டு நீயே சொல்லு, இல்லன்னா காலையில ஆத்துக்கு வந்து பாத்துக்கட்டும். ஒன் பக்கத்து சீட்டுல நான் இருக்க மாட்டேன் வேலு. ஹேண்ட் பிரேக்கப் புடிச்சு இழுக்க நாளைக்கு அங்க கை கெடையாது. அபிராமிய அங்க தனியா நிக்க விட என்னால முடியாது. வண்டிக்குப் பின்னாடி, அவ பக்கத்துல, நானும் நிப்பேன்.

சாவி ஒன்கிட்டதான் இருக்குது.

அம்மா